பள்ளி வாசலில் நிற்கும் தப்பு

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலே ‘லயம்’ என்ற சொல்லைக் குழந்தை அறிவது வீட்டின் பெயராகத்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒரு வரிசையாக. முன்னால் ஓர் இஸ்தோப்பு. பின்னால் ஒரு சாக்கடை. ஆங்கிலத் துரைமார் ‘லைன்’ என்று சொன்னது நம் மக்கள் நாவில் லயம் ஆயிற்று. சங்கீத வித்துவான்களின் வழக்கிலோ அதே சொல் தாளத்தின் உயிர்நாடியைக் குறிக்கும். முதலாவது லயத்திலே பிறந்து வளரும் பிள்ளைக்கு இரண்டாவது லயத்தைப் பள்ளிக்கூடம் கொடுக்கிறதா? பதுளை, பசறை, மடூல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று விரியும் மலைகளின் ஆரம்பப் பாடசாலைகளை அறிந்த ஆசிரியர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த விடையை மாற்றுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் வேலை.

சங்கீதம் என்ற பெயரில் அங்கே பெரும்பாலும் நடப்பது என்ன? காலையில் ஒரு தேவாரம் அல்லது பாடசாலைக் கீதம். எங்கிருந்தோ ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாலு சிறுமியருக்குச் சேலை கட்டி, முதுகில் கூடையை மாட்டி, ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டை முழக்கிக் கொழுந்து பறிக்கும் நடனம் ஆடச் செய்வது. தாய் மலையிலே வெயிலிலும் மழையிலும் முதுகு வளையச் சுமக்கும் கூடை, மகளுக்கு மேடை அலங்காரம் ஆகிவிடுகிறது! ஆடுகிறவர் நால்வர், நின்று பார்க்கிறவர் நூறு பேர். பெரிய மனிதர் இறங்கிப் போனதும் ஒலிபெருக்கியும் இறங்கிப் போய்விடும். மறு விழாவரை மௌனம். பிள்ளை ஐந்தாம் தரத்துக்கு வந்துவிட்டாலோ அந்த மௌனத்துக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாள் கட்டுகளுக்கிடையே பாட்டுக்கு ஏது நேரம்?

இதை மீறிச் செயலாற்றும் நல்லாசிரியர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் தம் சொந்த ஊக்கத்தால், தம் சொந்தக் காசால் செய்கிறார்கள். ஆனால் தனி மனிதரின் ஊக்கத்தை நம்பி நிற்கும் ஒன்றை உரிமை என்று சொல்ல முடியாது. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அதுவும் அவரோடு போய்விடும். தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சங்கீதம் ஓர் உரிமை என்பது நமது கட்சி. இவ்வுரிமையை மறுப்பவர் மூவகையினர். ஒவ்வொருவருக்கும் விடை சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

முதல் வகையினர் சொல்வது இது: “கூரை ஒழுகுகிறது, கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் போதாது, இந்நிலையில் சங்கீதமா? முதலில் எழுத்தும் எண்ணும் வரட்டும்.” கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் இந்த நியாயத்தின் பிறப்பிடம் எது என்று பார்க்க வேண்டாமா? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. ஆறு வயது முதல் பத்து வயதுவரை, தாய்மொழியிலே சிறிது எழுத்து, சிறிது கணக்கு, அவ்வளவுதான். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் பள்ளிக் கதவுகளைத் திறந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரையே நாடற்றவராக்கிற்று. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகளை அப்போதும் அது தொடவில்லை. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. அதற்கும் பின்னர், 1977 முதற்கொண்டுதான் அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகள் ஆயின.

ஆகவே, ‘இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் போதும்’ என்பது தோட்ட முதலாளியின் அளவுகோல். பெயரை எழுதவும், கொழுந்தின் நிறையைப் படிக்கவும் தெரிந்த தொழிலாளி அவருக்குப் போதும். அவருக்கு வேண்டியது கை, குரல் அன்று. துரைமார் கப்பலேறிப் போய்விட்டனர்; அவர்களுடைய அளவுகோலை நாம் ஏன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்? கொழும்பிலே வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு வயலினோ பியானோவோ தொடங்கும்போது, ‘முதலில் கணக்கு வரட்டும்’ என்று எவரும் காத்திருப்பதில்லை. கணக்கும் வருகிறது, வயலினும் வருகிறது. காத்திருக்கும்படி உபதேசிக்கப்படுபவன் எப்போதும் தொழிலாளியின் பிள்ளைதான்.

மேலும், சங்கீதம் எழுத்துக்கும் எண்ணுக்கும் போட்டி என்ற எண்ணமே தவறானது. நம் தமிழ் எழுத்துக்குத் தொல்காப்பியர் காலந்தொட்டே இலக்கணம் கால அளவால் அன்றோ சொல்லப்பட்டிருக்கிறது! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ‘கல்’ என்பதற்கும் ‘கால்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் முன்னரே காதுக்குத் தெரிகிறது. கைதட்டித் தட்டி அதை நிலைநிறுத்திய பிள்ளைக்கு எழுத்துப் பிழை குறையும். மூன்று தட்டுக்குத் ‘தகிட’, நாலு தட்டுக்குத் ‘தகதிமி’. இரண்டையும் சேர்த்தால் ஏழு என்பதைச் சிலேட்டுக்கு வருமுன்னர் உடம்பே கற்றுவிடும். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்று வழிகளை வகுத்துத் தந்தது. விளையாட்டும் செயற்பாடும் பாட்டில்லாமல் நடைபெறுமா? சீர்திருத்தம் காகிதத்தில் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. மலைப் பாடசாலைகளில் இன்னும் மேசை வேலைதான் ஆட்சி செய்கிறது. மேசை இல்லாத பாடசாலைகளிலுங்கூட!

இவ்விடத்தில் நம் அணியிலேயே உள்ள சிலருக்கும் ஒரு வார்த்தை. பாட்டு என்றால் மே தின ஊர்வலத்துக்கு வேண்டியது, மற்ற நாட்களில் அது பூர்ஷுவாக்களின் பொழுதுபோக்கு என்று எண்ணும் தோழர்கள் இருக்கிறார்கள். மலையகத் தொழிற்சங்க வரலாறே அவர்களுக்கு விடை சொல்லும். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், பேச்சுக் கேட்க அஞ்சிய தொழிலாளரைப் பாட்டினால் கூட்டினார். தம் பாடல்களை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் 1940இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளிலேயே அவர் புதிய சொற்களை ஏற்றினார். மெட்டு மக்களிடம் இருந்தது. ஆகவே சொல் பற்றிக்கொண்டது. பாடத் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டு, போராட்ட நாளில் மட்டும் குரல் எழுப்பு என்றால் அது எங்கிருந்து எழும்?

இரண்டாவது வகையினர் சங்கீதத்தின் காவலர்கள். “சங்கீதம் வேண்டியதுதான், ஆனால் முறையாக வர வேண்டும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், சுருதிப் பெட்டி இருக்க வேண்டும், பட்டம் பெற்ற ஆசிரியர் இருக்க வேண்டும், இவை இல்லாவிட்டால் தொடாமலிருப்பதே மேல்” என்பது இவர்கள் வாதம். கர்நாடக சங்கீதத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பணியும், 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரியின் பணியும் மதிப்புக்குரியன. 1947இல் ‘யாழ் நூலை’ வெளியிட்டுப் பழந்தமிழிசையின் கணக்கை ஆராய்ந்து காட்டிய விபுலாநந்த அடிகள் நம் நாட்டவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. நாம் கேட்பது வேறு: ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் படிமுறை பொருந்துமா?

சரளி வரிசை முறையைப் பதினாறாம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. ஒரு குரு, அவர் எதிரே சில சீடர்கள், ஒரு தம்புரா, ஆண்டுக்கணக்கான சாதகம் என்ற சூழலில் அது வளர்ந்தது; அங்கே பயனும் தந்தது. அதை அப்படியே எடுத்து, மறைப்புச் சுவரில்லாத ஒரே மண்டபத்தில் ஐந்து தரங்கள் ஒன்றாக இருந்து படிக்கும் தோட்டப் பாடசாலையில் வைத்தால் என்ன ஆகும்? மாயாமாளவகௌளையின் ஷட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையிலுள்ள நெருங்கிய இடைவெளியை நாற்பது பிஞ்சுக் குரல்கள் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்காத பிள்ளைக்கு ‘உனக்குச் சங்கீத ஞானம் இல்லை’ என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு அவன் ஆயுள் முழுதும் வாய் திறவாமலே இருந்துவிடுவான். சிலரைத் தேர்ந்தெடுப்பதற்கென்று அமைந்த முறையை எல்லோருக்கும் உரிய பள்ளியில் வைத்தால் அது விலக்கி வைக்கும் முறையாகத்தான் மாறும்.

உலகில் வேறு வழி கண்டவர்கள் உண்டு. ஹங்கேரியிலே சோல்டான் கோடாயும் பேலா பார்டோக்கும் 1905 வாக்கில் தொடங்கிக் கிராமம் கிராமமாக நடந்து குடியானவர் பாடல்களைச் சேகரித்தனர். நகரத்துக் கனவான்கள் இழிவென்று ஒதுக்கிய அப்பாடல்களையே கோடாய் பிற்காலத்தில் பள்ளிக் கல்வியின் அத்திவாரமாக்கினார். தாய்மொழியைப் போலவே பாட்டும் தாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நெருங்கிய அரைச் சுர இடைவெளிகளைப் பின்னுக்குத் தள்ளி, குழந்தைகள் ஒருவரையொருவர் கூவி அழைக்கும்போது தாமாகவே எழும் இரண்டு சுரங்களிலிருந்து அவர் வழியினர் தொடங்கினர். பிறகு மூன்று, பிறகு ஐந்து. கருவி வேண்டியதில்லை, குரலும் கையும் போதும். அவரது முறையில் நடந்த முதலாவது ஆரம்ப இசைப் பள்ளி 1950இல் கெச்கெமேட் நகரிலே திறக்கப்பட்டது. ஜெர்மனியிலே கார்ல் ஓர்ஃப், பேச்சின் சந்தத்திலிருந்தும் கொட்டு வாத்தியங்களிலிருந்தும் தொடங்கினார். இவர்களை நாம் காப்பியடிக்கச் சொல்லவில்லை. தன் மக்களின் பாட்டைக் கண்டு வெட்கப்படாத நாட்டுக்குச் சங்கீதக் கல்வி எளிதாகிறது என்பதே இவர்களிடமிருந்து நாம் பெறும் பாடம்.

அப்படியானால் தோட்டத்து மக்களிடம் பாட்டு உண்டா? உண்டா என்று கேட்பதே அறியாமை. தாலாட்டும் தெம்மாங்கும் கும்மியும் ஒப்பாரியும் அவர்கள் கடல் கடந்து வந்தபோது மூட்டையில் கட்டாமலே கொண்டுவந்த சொத்து. மாசி மாதத்திலே காமன் கூத்து. அதனோடு அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுத்தார். சாரல் நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ எழுதினார். மாத்தளை வடிவேலன் ‘மலையகப் பாரம்பரியக் கலைகள்’ எழுதினார். நூல்கள் அலமாரியில் இருக்கின்றன. பாட்டிமார் லயத்திலே இருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியிலே இருக்கிறார்கள். இம்மூன்றையும் ஓரிடத்தில் சேர்ப்பவர் எவருமில்லை என்பதுதான் குறை.

சேர்ப்பது எப்படி? ஆசிரிய நண்பர்கள் செயல்முறை கேட்பார்கள், கேட்பது நியாயம். நாளொன்றுக்கு அரைமணி போதும். ஐந்து தரங்களும் ஒரே மண்டபத்தில் இருப்பதைக் குறையென்று சொன்னோம் அல்லவா? பாட்டுக்கு மட்டும் அது வசதியாகவும் அமையலாம். ஒரு தரம் பாடினால் மற்றத் தரங்களுக்கு இடைஞ்சல். ஆகவே எல்லோரும் சேர்ந்தே பாடட்டும். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் வழிநடத்த, முதலாம் தரத்தார் பின்தொடரட்டும். ஆசிரியர் ஒருவரே இருக்கும் பள்ளியிலுங்கூட இதைச் செய்யலாம்.

முதலில் தாளம் உடம்பில் ஏற வேண்டும். ஆசிரியர் நாலு தட்டுத் தட்ட, பிள்ளைகள் அதையே திருப்பித் தட்டட்டும். பின்னர் ஒரு பிள்ளை தட்ட, மற்றவர் திருப்பட்டும். ஒவ்வொருவர் பெயரையும் தட்டிப் பார்க்கச் சொல்லலாம். செல்விக்கு ஒரு சந்தம், இராமச்சந்திரனுக்கு ஒரு சந்தம். தன் பெயருக்குள்ளே ஒரு தாளம் ஒளிந்திருக்கிறது என்று கண்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் மறுநாள் அந்த அரைமணியை விடமாட்டார்கள். பின்பு நடை. மண்டபத்தைச் சுற்றி நடந்துகொண்டே தட்டுவது. ஆசிரியர் நிறுத்தியதும் காலை நிறுத்தி, மனத்திலே மட்டும் தாளத்தைத் தொடர்வது. தெமோதரையின் சுற்றுப்பாதையில் புகையிரதம் ஏறும்போது ஒரு வேகம், சமதளத்தில் ஒரு வேகம், இறங்கும்போது ஒரு வேகம். பிள்ளைகள் வரிசையாகத் தோள் பற்றி அந்த வண்டியாக ஓடட்டும். விளம்பம், மத்திமம், துரிதம் என்று வித்துவான்கள் சொல்லும் மூன்று லயங்களும் அங்கேயே வந்துவிடும். பெயரைப் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது காது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். பீலியில் நீர் விழும் ஓசை, தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சல், குருவி, காற்று. எது உயர்ந்த ஒலி, எது தாழ்ந்தது, எது இடைவிடாதது, எது விட்டு விட்டு வருவது? பிறகு எதிரே தெரியும் மலையின் விளிம்பை விரலால் வானத்தில் வரையட்டும். விரல் ஏறும்போது குரலும் ஏறட்டும், இறங்கும்போது இறங்கட்டும். ஆரோகணமும் அவரோகணமும் நமுனுகுலையின் சரிவிலே கிடக்கின்றன. ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தாயைக் கூவி அழைக்கும் பிள்ளையின் குரலில் இரண்டு சுரங்கள் தாமே அமைந்திருக்கும். அவ்விரண்டையும் கொண்டு வினாவும் விடையுமாகப் பாடச் சொல்லுங்கள். ஒருவன் பாட்டாகவே கேட்க, மற்றவன் பாட்டாகவே பதில் சொல்லட்டும். பிழை என்று எதையும் சொல்ல வேண்டாம். சேர்ந்து பாடப் பாடக் குரல் தானே படியும்.

மூன்றாவது, கருவி. வெற்றுத் தகரத்தில் சிறு கற்களையிட்டு மூடினால் ஒன்று. மூங்கில் துண்டுகள் இரண்டைத் தட்டினால் மற்றொன்று. ஒரே அளவுள்ள கண்ணாடிப் போத்தல்களில் வெவ்வேறு அளவு நீரை ஊற்றித் தட்டினால் நீர் கூடக் கூட ஒலி தாழும். அவற்றையே வாய் வைத்து ஊதினால் நீர் கூடக் கூட ஒலி உயரும். ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். தட்டும்போது அதிர்வது போத்தலும் நீரும், ஊதும்போது அதிர்வது உள்ளேயுள்ள காற்று என்று சொல்லும் அந்த நேரத்தில் விஞ்ஞான பாடம் தொடங்கிவிடும். கும்மியும் கோலாட்டமும் கருவி வேண்டாத சங்கீதப் பாடங்கள். வட்டத்தில் ஒரு பிள்ளை தாளம் தவறினால் பக்கத்துக் கோலில் மோதும். திருத்த ஆசிரியர் வேண்டியதில்லை.

நாலாவது, வீட்டுவேலை. பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு பாட்டுக் கேட்டுவா என்று அனுப்புங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதிக்கொண்டு வரட்டும். தெரியாத பிள்ளை பாடிக்கொண்டு வரட்டும். கைத்தொலைபேசி உள்ள வீட்டில் அதிலே பதிந்துகொண்டும் வரலாம். வருட முடிவில் அந்தப் பாடசாலைக்கென்று ஒரு பாட்டுப் புத்தகம் கையெழுத்திலே உருவாகியிருக்கும். கையெழுத்து வைக்கத் தெரியாத பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடநூல் எழுதியவள் ஆகிவிடுவாள். இதைவிடப் பெரிய கல்விப் புரட்சியை எந்த ஆணைக்குழு கொண்டுவந்துவிடும்?

இங்கேதான் மூன்றாவது வகையினர் எழுகிறார்கள். இவர்கள் உரத்துப் பேசுவதில்லை; முகம் சுளிப்பார்கள். “கும்மி சரி, கோலாட்டமும் சரி. தப்பை மட்டும் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள்!” ஏன்? அது சாவுக்கு அடிப்பது; குறிப்பிட்ட சாதியார் அடிப்பது. முற்காலத்தில் விடியுமுன்னே தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்குத் துரத்த நிர்வாகமும் அதைத்தான் பயன்படுத்திற்று. ஆகவே மேல்சாதியாருக்கு அது தீட்டு. அடித்தவர்களின் பிள்ளைகளுக்கோ அது மறக்க வேண்டிய அவமானம். இரு தரப்பாரும் சேர்ந்து தப்பைப் பள்ளி வாசலிலே நிறுத்திவிட்டார்கள்.

நாம் கேட்கிறோம்: காமன் கூத்திலே தப்பு இல்லாமல் ரதியும் மன்மதனும் ஓர் அடி எடுத்து வைப்பார்களா? திருவிழாவில் வேண்டும், கூத்தில் வேண்டும், பள்ளியில் மட்டும் வேண்டாம் என்றால் தீட்டு தோலிலா இருக்கிறது? மிருதங்கத்துக்கும் தோல்தான்; தவிலுக்கும் தோல்தான். பக்கத்துச் சிங்களச் சமூகத்தைப் பாருங்கள். கண்டி நடனத்தின் கெட்ட பெரய என்ற முழவு, ‘பெரவா’ என்று தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியாரின் வாத்தியம். இன்று அது நாட்டின் பெருமை என்று அரச விழாக்களில் முழங்குகிறது. சிங்களப் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதற்கு ஆடுகிறார்கள். சாதி அங்கே ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. வாத்தியம் வாசலைத் தாண்டிவிட்டது என்கிறோம். தமிழ்நாட்டிலே திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் கையிலே பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டும் தொட்ட கருவியை அப்பெண்கள் நிமிர்ந்து நின்று முழக்கினார்கள். 2025இல் வேலு ஆசான் என்ற பறைக் கலைஞருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. உலகம் ஏற்றுக்கொண்ட பின்னரும் நம் பாடசாலை மட்டும் முகம் திருப்புவது தகுமா?

தப்பைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள். அதை அடிப்பவரையும் ஆசிரியர் என்ற மரியாதையோடு, கூலியோடு, நாற்காலி போட்டு அழைத்து வாருங்கள். நெருப்பில் காய்ச்சினால் ஈரம் போய்த் தோல் இறுகும். இறுகினால் சுருதி ஏறும் என்று அவர் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். ஒரு கையில் தடித்த குச்சி, மறுகையில் மெல்லிய குச்சி. இரண்டின் ஒலியும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்கச் செய்யட்டும். பெண் பிள்ளைகளே முதலில் அடிக்கட்டும். ஆண் பிள்ளைகள் கும்மியில் சேரட்டும். எந்தக் கொட்டு முப்பாட்டனைப் பெரட்டுக்குத் துரத்திற்றோ அதே கொட்டு பேத்தியின் கையில் அவளுக்குக் கட்டுப்படுவதைத் தோட்டம் முழுதும் கேட்கட்டும்.

“பழம்பாட்டு எல்லாம் நல்ல பாட்டா?” என்று சிலர் கேட்பர். இல்லை. பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டும், சாதிப் பெருமை பேசும் பாட்டும், விதியே என்று அடங்கச் சொல்லும் பாட்டும் அவற்றில் உண்டு. நாட்டார் பாடல் என்பதற்காக எதையும் தலையில் தூக்கி வைக்க நாம் தயாரில்லை. ஆசிரியர் தேர்ந்தெடுக்க வேண்டும். மெட்டு நன்றாயிருந்து சொல் பொருந்தாவிட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து புதுச் சொல் கட்ட வேண்டும். மீனாட்சி அம்மாள் செய்ததை எட்டு வயதுப் பிள்ளைகளும் தம் அளவிலே செய்வார்கள். மழை ஒழுகும் கூரையைப் பற்றி, வராத பஸ்ஸைப் பற்றி, தம் நாய்க்குட்டியைப் பற்றி அவர்கள் பாட்டுக் கட்டட்டும்.

ஊவாவிலே தோட்டத்துக்கு அடுத்தது சிங்களக் கிராமம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பாதையில் நடந்து வெவ்வேறு பள்ளிகளுக்குப் போகிறார்கள். இந்தப் பாதையில் வெறுப்பை விதைத்தவர்களை வரலாறு அறியும். சிங்களப் பெண்கள் சித்திரைப் புத்தாண்டில் வட்டமிட்டிருந்து முழக்கும் ரபானையும், பாடிக்கொண்டே ஆடும் ஒலிந்த விளையாட்டையும் நம் பிள்ளைகள் கற்கட்டும். கும்மியையும் தப்பையும் அவர்கள் கற்கட்டும். மொழி தெரியாத இரு பிள்ளைகள் ஒரே தாளத்தைத் தட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

இனிக் கோரிக்கைகள். ஒன்று: ஆரம்பப் பிரிவின் நேரசூசியில் நாள்தோறும் பாட்டுக்கும் தாளத்துக்கும் அரைமணி ஒதுக்கப்பட வேண்டும், புலமைப்பரிசிலின் பெயரால் ஐந்தாம் தரத்தில் அது பறிக்கப்படலாகாது. இரண்டு: பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி முதலிய பயிற்சி நிலையங்களில், ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் மலையகப் பாடலும் தாளமும் செயல்முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். மூன்று: தோட்டத்துக் கலைஞரைப் பாடசாலைக்கு அழைத்து ஊதியம் வழங்க மாகாணக் கல்வித் திணைக்களம் பணம் ஒதுக்க வேண்டும். நாலு: ஆசிரியருக்கு மனிதர் வாழும் ஊதியம். 2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளருக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்டது மாதம் 6,000 ரூபா. பஸ் கூலிக்கே போதாத காசைக் கொடுத்துவிட்டுப் பாடு என்றால் எவர் பாடுவார்? ஐந்து: தொழிற்சங்கங்கள் தம் சந்தாப் பணத்தின் ஒரு சிறு பங்கைத் தோட்டத்துப் பாடல்களைப் பதிவு செய்யவும் அச்சிடவும் செலவிட வேண்டும்.

இவற்றைப் பெறுவதற்குப் போராட வேண்டியிருக்கும்; காலமும் பிடிக்கும். ஆயினும், போராட்டம் முடியும்வரை அந்த அரைமணியைத் தொடங்காமல் இருக்க வேண்டியதில்லை. மாணவத் தோழர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் லயத்து முதியவரிடம் ஒரு பாட்டையேனும் எழுதி வாங்கி, பக்கத்துப் பாடசாலை ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியத் தோழர்களே, கைதட்டுவதற்கு அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரில் ஒளிந்திருக்கும் தாளத்தைக் கண்டுபிடிக்க மேலிடத்துச் சுற்றறிக்கை வர வேண்டியதில்லை. அடுத்த தவணையின் முதல் நாளிலேயே தொடங்குங்கள்.